கண்காட்சியில ஸ்டால் போடற சின்ன கிளப்புக்கு லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் உண்மையிலயே தேவையா?

இருபது பேர் இருக்கற ஹாபி கிளப், லாப நோக்கம் கிடையாது, சங்கமா பதிவு கூட பண்ணல, வருஷத்துக்கு மூணு நாலு பொது கண்காட்சியில மாடல் ரயில் லேஅவுட் (பலகை மேல தண்டவாளம், ஸ்டேஷன்லாம் வச்சு கட்டின அமைப்பு) போட்டு ஓட்டிக் காட்டறோம், இந்த தடவ நடத்தறவங்க லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் (நம்மால அடுத்தவங்களுக்கு அடிபட்டா, பொருள் சேதமானா நஷ்ட ஈட்ட பாத்துக்கற இன்ஷூரன்ஸ்) சர்டிஃபிகேட் இல்லாம ஸ்டால் கிடையாதுங்கறாங்க, அவங்களுக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கே நாங்க எதுக்கு தனியா கட்டணும்னு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்விதான். நானும் ஒரு காலத்துல இதையேதான் கேட்டேன், அப்ப எங்க கிளப்புக்கு நான்தான் ட்ரெஷரர், செலவ வெட்டறது மட்டும்தான் ட்ரெஷரர் வேலைன்னு நெனச்சிட்டிருந்தேன்.

தேவை. ஆனா சர்டிஃபிகேட்ட வாங்கி மெயில்ல அனுப்பிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சீங்கன்னா வாங்கியும் பிரயோஜனம் இல்லாம போகலாம், அதனாலதான் கொஞ்சம் நீளமா எழுதறேன்.

மொதல்ல நடத்தறவங்களோட இன்ஷூரன்ஸ். அது அவங்களுக்காக அவங்க எடுத்தது. உங்க டேபிள் கால் மடங்கி லேஅவுட் சரிஞ்சு பாக்க வந்தவர் பாதத்துல விழுந்துச்சுன்னு வைங்க, அவரோட வக்கீல் யார் யார் மேல போட முடியுமோ எல்லார் மேலயும் போடுவார், ஹால்காரங்க, நடத்தறவங்க, நீங்க. நடத்தறவங்களுக்கு அவங்க இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் வைக்கும், அந்த வக்கீல் எடுத்த எடுப்புல சொல்லப்போறது என்ன, "அந்த டேபிள் எங்களோடது இல்ல, கிளப் கொண்டாந்தது". ஒருவேள அவங்க கம்பெனியே நஷ்ட ஈட்ட குடுத்து முடிச்சாலும், குடுத்த பணத்த தப்பு பண்ணவங்ககிட்ட இருந்து வசூல் பண்ற உரிமை கம்பெனிக்கு உண்டு, சப்ரோகேஷன்னு சொல்வாங்க, அப்ப அதே கம்பெனி உங்க வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பும். அவங்க பாலிசியில ஸ்டால் போடறவங்களையும் சேர்த்திருந்தா கதை வேற, சில பெரிய ஷோக்கள்ல அப்படி சேர்ப்பாங்க, ஆனா அது எழுத்துல இருக்கணும், ஃபோன்ல "அதெல்லாம் இருக்கு சார்"னு சொன்னது கணக்குல வராது.

உங்க வீட்டுக்குன்னு எழுதினது பயமுறுத்தறதுக்கு இல்ல. பதிவு பண்ணாத கிளப்புக்கு பெரும்பாலான சட்ட அமைப்புகள்ல தனியா ஒரு ஆள்ங்கற அந்தஸ்து கிடையாது. கிளப் மேல கேஸ் போடணும்னா செயலாளர், தலைவர், கமிட்டி மெம்பர்னு பேர் போட்டுத்தான் போடுவாங்க. இங்கிலாந்துல போல்ட்டன் எதிர் ஸ்டோன்னு ஒரு பழைய வழக்கு, சட்டம் படிச்சவங்க எல்லாருக்கும் தெரியும். 1947ல மான்செஸ்டர் பக்கத்துல ஒரு கிரிக்கெட் மைதானத்துல அடிச்ச பந்து வேலிய தாண்டி போய் ரோட்டுல நின்ன ஒரு பெண்மணி மேல பட்டிருச்சு. முப்பது வருஷத்துல ஏதோ ஆறு தடவதான் பந்து அப்படி வெளிய போயிருக்கும்னு சாட்சி. அவங்க கேஸ் போட்டது பந்த அடிச்சவர் மேல இல்ல, கிளப்போட கமிட்டி, மெம்பர்கள் மேல. மொத கோர்ட்டுல கிளப் ஜெயிச்சுது, அப்பீல்ல தோத்துது, 1951ல அப்ப அங்க உச்ச கோர்ட்டா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வரைக்கும் போய் மறுபடி ஜெயிச்சுது, ஆபத்து அவ்வளவு சின்னதா இருக்கறப்ப கவனக்குறைவுன்னு சொல்ல முடியாதுன்னு தீர்ப்பு. எல்லாரும் அந்த தீர்ப்பத்தான் பேசுவாங்க. நான் அதுல பாக்கறது வேற, தப்பே இல்லாத ஒரு கிளப் தப்பு இல்லன்னு நிரூபிக்க மூணு கோர்ட் ஏறியிருக்கு.

லயபிலிட்டி இன்ஷூரன்ஸ்ல பாதி மதிப்பு அங்கதான் இருக்கு. கேஸ் வந்தா கம்பெனி வக்கீல் வைக்கும், ஆவணம் தயார் பண்ணும், சமரசம் பேசும், உங்க மேல தப்பே இல்லன்னாலும். அதனால பாலிசி வாங்கறப்ப ஒண்ணு கேளுங்க, வக்கீல் செலவு லிமிட்டுக்கு, அதாவது கம்பெனி குடுக்கற உச்ச தொகைக்கு, உள்ளயா வெளியவா. உள்ளன்னா வக்கீலுக்கு போன காசு போக மிச்சம்தான் அடிபட்டவருக்கு, வெளியன்னா லிமிட் முழுசா அப்படியே இருக்கும். வெளிய இருக்கறதத்தான் எடுக்கணும், பிரீமியம் கொஞ்சம் கூட ஆனாலும்.

பதிவு பண்ணிட்டா தப்பிச்சிரலாமான்னு அடுத்த கேள்வி வரும். பதிவு நல்லதுதான், கமிட்டிக்கு ஒரு கவசம் மாதிரி, ஆனா யார் கையால தப்பு நடந்துதோ அந்த ஆள் மேல தனியா கேஸ் போடறத அது தடுக்காது. அமெரிக்காவுல 1997ல வாலண்டியர் ப்ரொடெக்‌ஷன் ஆக்ட்னு ஒரு சட்டம் வந்துச்சு, லாப நோக்கமில்லாத அமைப்புல சம்பளம் வாங்காம வேல செய்யறவங்கள சாதாரண கவனக்குறைவுக்கு தனிப்பட்ட பொறுப்புல இருந்து காப்பாத்தும், ஆனா அமைப்ப அது காப்பாத்தாது, வண்டி ஓட்டறப்ப நடக்கற விபத்துக்கும் பொருந்தாது. லேஅவுட்ட வேன்ல ஏத்திட்டு போறப்ப இடிச்சா அது வண்டி இன்ஷூரன்ஸ் சமாச்சாரம், கிளப் பாலிசி அத தொடாது, இத நிறைய பேர் குழப்பிக்கறாங்க.

இப்ப என் கதை. எங்க கிளப் மொத தடவ ஒரு பெரிய ஷோவுக்கு போனப்ப ஷோ சனி, ஞாயிறு. பாலிசியும் சனி, ஞாயிறுக்குத்தான் எடுத்தேன், ரெண்டு நாள் ஷோவுக்கு ரெண்டு நாள் பாலிசி, மூணாவது நாளுக்கு எதுக்கு காசு. லேஅவுட்ட கொண்டு போய் மாட்டி அமைக்கறது வெள்ளிக்கிழமை சாயந்திரம். எங்க ஸ்டாலுக்கு பின்னாடி சுவர்ல இருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயர், பழுப்பு கலர், தரையும் கிட்டத்தட்ட அதே கலர், டேப் ஒட்டிட்டே வந்தவங்களுக்கு கடைசி ரெண்டடிக்கு டேப் தீர்ந்து போச்சு, காலையில வர்றப்ப வாங்கிட்டு வந்து ஒட்டிக்கலாம்னு விட்டுட்டோம். ஆறு மணி வாக்குல பக்கத்து ஸ்டால்காரர் ரெண்டு கையிலயும் பெட்டியோட வந்தார், கீழ பாக்க வழியில்ல, அந்த ரெண்டடியில தட்டி விழுந்தார், மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு போச்சு. பாலிசி ஆரம்பிக்கறது ராத்திரி பன்னெண்டு மணிக்கு. ஆறு மணி நேரம். கம்பெனிய குறை சொல்ல ஒண்ணுமே இல்ல, நான் கேட்ட தேதிக்குத்தான் அவங்க குடுத்தாங்க. அவர் நல்ல மனுஷன், கேஸ் கீஸ்னு போகல, ஆஸ்பத்திரி செலவும் வேலைக்கு போக முடியாத நாளுக்கான சம்பளமும் மட்டும் கேட்டார், புது லேஅவுட்டுக்கு சேத்து வச்சிருந்தத எடுத்து, பத்தாததுக்கு ஆளுக்கு ஒரு வருஷ சந்தா மறுபடி போட்டு குடுத்தோம். அந்த மீட்டிங்ல யாரும் என்ன திட்டல, திட்டியிருந்தா கூட பரவாயில்லன்னு இருந்துச்சு.

அதனால தேதி. சாமான் உள்ள போற நிமிஷத்துல இருந்து கடைசி பெட்டி வெளிய வர்ற வரைக்கும் பாலிசி ஓடணும், அமைக்கற நாள், பிரிக்கற நாள் ரெண்டும் சேர்த்து. சொல்லப்போனா கூட்டம் இருக்கறப்ப விட அந்த ரெண்டு நேரத்துலதான் வயர் குறுக்க கிடக்கும், ஏணி நிக்கும், எல்லாருக்கும் அவசரம்.

தேதி விஷயத்துல கோர்ட் வரைக்கும் போன கேஸும் இருக்கு. இங்கிலாந்துல ஒரு ஆஸ்பத்திரி நிதி திரட்ட விழா நடத்தி, ட்ரம்போலின்ல குதிச்சு வெல்க்ரோ சுவர்ல ஒட்டிக்கற விளையாட்ட வெளிய ஒருத்தர்கிட்ட வாடகைக்கு எடுத்தாங்க. விளையாடின ஒரு அம்மாவுக்கு அடிபட்டிருச்சு, பாத்தா வாடகைக்கு குடுத்தவரோட இன்ஷூரன்ஸ் நாலு நாள் முன்னாடி காலாவதி. அவர்கிட்ட 5,000 பவுண்டுக்கு சமரசம் ஆச்சு, நியாயமா கிடைக்க வேண்டியது அதவிட ஜாஸ்தின்னு மிச்சத்துக்கு அந்த அம்மா ஆஸ்பத்திரி மேல கேஸ் போட்டாங்க. 2002ல அப்பீல் கோர்ட், இன்ஷூரன்ஸ் இருக்கான்னு விசாரிக்கற கடமை ஆஸ்பத்திரிக்கு உண்டு, ஆனா அவங்க விசாரிச்சிருக்காங்க, அதுக்கு மேல பாலிசிய வாங்கி படிச்சு பாக்கணும்னு எதிர்பார்க்க முடியாதுன்னு சொல்லி தள்ளிட்டாங்க. அடுத்த வருஷம் டாட்மார்டன் கிரிக்கெட் கிளப் வழக்கு. கிளப் நிதிக்காக வாணவேடிக்கை வச்சாங்க, நடத்த வந்த குழுவுக்கு இன்ஷூரன்ஸே கிடையாது, உதவிக்கு நின்ன ஒரு தன்னார்வலருக்கு பயங்கர தீக்காயம், இந்த தடவ கிளப்தான் பொறுப்புன்னு தீர்ப்பு, ஆபத்தான வேலைக்கு ஆள் கூட்டிட்டு வர்றப்ப தகுதியும் இன்ஷூரன்ஸும் பாக்காம விட்டதுக்காக. இப்ப புரியுதா நடத்தறவங்க உங்ககிட்ட ஏன் சர்டிஃபிகேட் கேக்கறாங்கன்னு? அவங்க கேக்கலன்னா அது அவங்க தப்பாயிரலாம். நீங்க உங்க ஸ்டாலுக்கு வெளியாள் யாரையாவது கூட்டிட்டு வந்தீங்கன்னா அதே கேள்விய நீங்க அவங்ககிட்ட கேக்கணும்.

சர்டிஃபிகேட்ட பத்தி. அது பாலிசி இல்ல, பாலிசி ஒண்ணு இருக்குன்னு சொல்ற காகிதம். அமெரிக்காவுல எல்லாரும் குடுக்கற அகார்ட் 25ங்கற ஃபார்ம்ல மேலயே அச்சடிச்சிருக்கும், இது தகவலுக்காக மட்டும், வச்சிருக்கறவருக்கு எந்த உரிமையும் இதால வராதுன்னு. அதனால விவரம் தெரிஞ்ச ஹால்காரங்க சர்டிஃபிகேட்டோட நிக்க மாட்டாங்க, தங்க பேர அடிஷனல் இன்ஷூர்டா சேர்க்க சொல்வாங்க, அதாவது உங்களால நடந்த விஷயத்துக்கு அவங்க மேல கேஸ் வந்தா உங்க பாலிசி அவங்களையும் பாத்துக்கணும். அத என்டார்ஸ்மென்ட்னு, அதாவது பாலிசியோட சேர்ற திருத்தமா, தனி தாள்ல கம்பெனி குடுக்கணும், சர்டிஃபிகேட்ல ஒரு வரி டைப் அடிச்சா பத்தாது. பேர் எழுத்துக்கு எழுத்து அவங்க குடுக்கற மாதிரியே இருக்கணும், ஹால் வேற அமைப்பு, நடத்தறது வேற அமைப்புன்னா ரெண்டு பேரும். இதுக்கு கம்பெனி ரெண்டு நாளும் எடுக்கும் ரெண்டு வாரமும் எடுக்கும், அதனால ஷோவுக்கு முந்தின வாரம் வரைக்கும் விட்டுட்டு ஓடாதீங்க.

லிமிட் எவ்வளவுன்னு நீங்க மண்டைய ஒடைக்க வேண்டாம், நடத்தறவங்களே எழுதியிருப்பாங்க. அமெரிக்காவுல பெரும்பாலும் ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர், மொத்தமா 20 லட்சம் டாலர்னு கேப்பாங்க. இந்த ரெண்டு நம்பர் எதுக்குன்னா மொதல் நம்பர் ஒரு விபத்துக்கு உச்சம், ரெண்டாவது பாலிசி காலம் முழுக்க எல்லா விபத்துக்கும் சேர்த்து உச்சம்.

இனிமேதான் முக்கியமான இடம், விண்ணப்பத்துல நடவடிக்கை விவரம்னு ஒரு கட்டம் வரும், நாலு வரி எழுத இடம் இருக்கும். எல்லா கிளப்பும் அதுல "மாடல் ரயில் கண்காட்சி"ன்னு மூணு வார்த்தை எழுதிட்டு கையெழுத்து போடும். கம்பெனிக்காரர் மனசுல என்ன படம் வரும், கண்ணாடிக்கு பின்னாடி சின்ன ரயில் சுத்துது, ஜனங்க தள்ளி நின்னு பாக்கறாங்க. நீங்க நிஜமா என்ன பண்றீங்க? ஓரத்துல ஒரு மெம்பர் நிஜ நீராவி இஞ்சின் கொண்டாந்து கொதிக்க வைப்பார், அது பாய்லர், அழுத்தக்கலன்னு பல பாலிசியில நேரடியா விலக்கு, பாய்லர் டெஸ்ட் சர்டிஃபிகேட் கேப்பாங்க. குழந்தைங்க உக்காந்து போற பெரிய சைஸ் ரயில் இருந்தா அது கண்காட்சியே இல்ல, ராட்டினத்தோட சேத்தி, தனியா ஒத்துக்கணும், சில கம்பெனி ஒத்துக்கவே ஒத்துக்காது. சின்ன பசங்க கையில கன்ட்ரோலர குடுத்து ஓட்ட விடறீங்களா, சால்டரிங் சொல்லிக் குடுக்கறீங்களா, டேபிளுக்கு அடியில லித்தியம் பேட்டரி சார்ஜ் ஆகுதா, மேல இருந்து வீடியோ எடுக்க யாராவது ட்ரோன் விடறாங்களா (ட்ரோன் சட்டப்படி விமானம், சாதாரண பாலிசியில விமானம் விலக்கு), பழைய வண்டி, கிட் எல்லாம் விக்கறீங்களா? வித்தீங்கன்னா வீட்டுக்கு போனப்பறம் அது புகைஞ்சு ஏதாவது ஆனா அது ப்ராடக்ட் லயபிலிட்டி, அது பாலிசிக்குள்ள இருக்கான்னு பாக்கணும். இதெல்லாத்தையும் எழுதுங்க, கட்டம் பத்தலன்னா தனி தாள் வைங்க, லேஅவுட் ஃபோட்டோ கூட வைங்க. பிரீமியம் ஏறும்னு மறைக்கற ட்ரெஷரர நான் பாத்திருக்கேன், ஒரு மீட்டிங்ல "கேட்டாத்தானே சொல்லணும்"னு ஒருத்தர் ஜம்பமா சொன்னார். மறைச்சது கிளெய்ம் வர்றப்பதான் வெளிய வரும், அப்ப கம்பெனி கைய விரிச்சா அத்தன வருஷம் கட்டினது தண்டம்.

பாலிசி எத தொடாதுன்னும் தெரிஞ்சுக்கணும். உங்க லேஅவுட் ஒடைஞ்சா, திருடு போனா இது தராது, அது சொத்து இன்ஷூரன்ஸ், வேற பாலிசி. வாடகைக்கு எடுத்த மேஜை, கடன் வாங்கின ப்ரொஜெக்டர் மாதிரி உங்க கைவசம் இருக்கற அடுத்தவங்க பொருளுக்கும் பல பாலிசி தராது, சால்டரிங் அயர்ன் விழுந்து ஹால் தரை கருகினா அது எதுல சேரும்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டு வைங்க. உங்க மெம்பராலயே இன்னொரு மெம்பருக்கு அடிபட்டா பாலிசி பாக்குமாங்கறதும் அப்படித்தான், சில பாலிசி மெம்பர வெளியாளா எடுத்துக்கும், சிலது எடுத்துக்காது, கனமான பலகைய ஏத்தி இறக்கறது நீங்கதான்கறப்ப அடிபட வாய்ப்பு அதிகமுள்ளவங்களும் நீங்கதான். தன்னார்வலர்களுக்கு தனியா விபத்து பாலிசி ஒண்ணு கிடைக்கும், தப்பு யார் மேலன்னு பாக்காம மருத்துவ செலவு தரும், கட்டுப்படியானா எடுங்க.

ஸ்டால் ஒப்பந்தத்த படிங்க, யாரும் படிக்கறதில்ல. நஷ்டம் எதுவா இருந்தாலும் ஸ்டால்காரங்களே ஏத்துக்கணும், நடத்தறவங்க தப்பால வந்தது உட்படன்னு ஒரு வரி இருக்கும். சட்டப்படி உங்களுக்கு இல்லாத பொறுப்ப நீங்களா கையெழுத்து போட்டு ஏத்துக்கிட்டா நிறைய பாலிசி அதுக்கு பணம் தராது. "எங்க கவனக்குறைவால வந்தது மட்டும்"னு மாத்தி கேளுங்க, பாதி பேர் ஒண்ணும் சொல்லாம மாத்திக் குடுப்பாங்க. அதே மாதிரி உங்க ஸ்டால்ல "விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல"ன்னு போர்டு வச்சிட்டா போதும்னு நம்பாதீங்க, குழந்தைக்காக பெத்தவங்க போடற கையெழுத்தே பல ஊர் கோர்ட்ல நிக்கறதில்ல, போர்டு எந்த மூலைக்கு.

எப்படி வாங்கறது. வருஷத்துக்கு ஒரே ஒரு ஷோன்னா அந்த நிகழ்ச்சிக்கு மட்டும் எடுக்கலாம், உங்களுக்கு மூணு நாலுன்னா வருஷ பாலிசிதான் பெரும்பாலும் சரிப்படும், மீட்டிங் நாளும், வீட்ல உக்காந்து லேஅவுட் கட்டற நாளும் அதுல வந்துருமான்னு மட்டும் பாத்துக்கோங்க. அதுக்கும் முன்னாடி உங்க ஹாபிக்குன்னு தேசிய அளவுல அமைப்பு இருந்தா அங்க கேளுங்க, அமெரிக்காவுல நேஷனல் மாடல் ரெயில்ரோட் அசோசியேஷன் மாதிரி அமைப்புங்க, மெம்பர் எல்லாருமே தங்ககிட்ட சேர்ந்திருக்கற கிளப்ப குழு பாலிசியில சேர்த்துக்கறாங்க. தனியா எடுக்கறத விட அது சல்லிசா இருக்கும், அவங்களுக்கு நீராவி இஞ்சின்னா என்னன்னு விளக்க வேண்டியதும் இல்ல. ஒரே குறை, மொத்த லிமிட் எல்லா கிளப்புக்கும் பொதுவா உங்களுக்கு தனியான்னு கேட்டுக்கணும்.

இன்னொன்னு, பாலிசி அக்கரன்ஸ் வகையா க்ளெய்ம்ஸ் மேட் வகையா. மொதல் வகையில சம்பவம் நடந்த நாள்ல பாலிசி இருந்தா போதும், கேஸ் எப்ப வந்தாலும் சரி. ரெண்டாவதுல கேஸ் வர்ற நாள்லயும் பாலிசி ஓடிட்டிருக்கணும். உங்க ஸ்டாலுக்கு வர்றதுல பாதி குழந்தைங்க, நிறைய நாட்டுல குழந்தைக்கு கேஸ் போடற கெடு அது மேஜர் ஆனப்பறம்தான் ஓட ஆரம்பிக்கும், இங்கிலாந்துல அடிபட்ட குழந்தைக்கு 21 வயசு ஆகற வரைக்கும் டைம் இருக்கு. இன்னிக்கு ஆறு வயசு பையன் விரல் நசுங்கினா பதினஞ்சு வருஷம் கழிச்சு கடுதாசி வரலாம், அப்ப கிளப்பே இருக்குமோ என்னவோ. அதனால அக்கரன்ஸ் வகைய எடுங்க, பழைய பாலிசி தாள் எதையும் தூக்கி போடாதீங்க, ட்ரெஷரர் மாறினா ஃபைலும் கை மாறணும். எங்க கிளப்ல ஒரு பிஸ்கட் டப்பால இருக்கு, மொத வருஷத்துல இருந்து.

ஏதாவது நடந்துருச்சுன்னா மொதல்ல ஆள பாருங்க, உக்கார வைங்க, தண்ணி குடுங்க, முதலுதவிக்கு ஆள கூப்பிடுங்க. அடிபட்டுருச்சேன்னு வருத்தப்படலாம், ஆனா "எங்க தப்புதான், செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம்"னு வாய்ல வரக்கூடாது, எழுதவும் கூடாது, கம்பெனிய கேக்காம பொறுப்ப ஏத்துக்கக் கூடாதுன்னு ஏறக்குறைய எல்லா பாலிசியிலயும் நிபந்தனை இருக்கும். எதையும் நகத்தறதுக்கு முன்னாடி ஃபோட்டோ, பாத்தவங்க பேரும் நம்பரும், மணி என்ன, அன்னிக்கே கம்பெனிக்கு ஒரு மெயில். சின்ன சிராய்ப்புதானேன்னு விட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு வக்கீல் நோட்டீஸ் வந்தப்பறம் சொன்னா தாமதத்த காட்டியே தட்டிக் கழிப்பாங்க.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, நடத்தறவங்களுக்கு ஒரு மெயில் போட்டு லிமிட் எவ்வளவு வேணும், அடிஷனல் இன்ஷூர்டா யார் யார் பேர் எந்த வாசகத்துல வரணும், கடைசி தேதி என்னன்னு கேளுங்க. கூடவே வெள்ளிக்கிழமை ஹால எத்தன மணிக்கு தொறப்பாங்கன்னும் கேட்டு வைங்க, பாலிசி அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். டேப் ரெண்டு ரோல் கூட வாங்கிக்கோங்க.